ஏழாம் டிரம்முக்கு எந்த வயர்?

கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஆனாலும் மேல்விஷாரத்தில் நான் நுழைந்த தோல் பதனிடும் ஷாப்பின் கிடங்கில் செருப்புக்கடியில் நொறுங்கியது உப்புதான். தரையில் உப்பு, அடுக்கி வைத்த மாட்டுத்தோலின் மடிப்பில் உப்பு, சுவரில் இடுப்பு உயரம் வரை பூத்த வெள்ளை. அந்தச் சுவரிலேயே ஒரு கரண்ட் பேனல். அதன் கதவில் யாரோ மார்க்கர் பேனாவால் எழுதியதில் 'டிர' மட்டும் மிச்சம். பக்கத்தில் செலோடேப்புக்குள் பழுத்துப்போன காகிதத் துண்டு. அதில் எழுத்து இருந்த தடம்தான் தெரிகிறது.

"இதுல எது எதுக்குன்னு எப்படித் தெரியும்?" என்று அங்கிருந்த பையனிடம் கேட்டேன். "பாய்க்குத் தெரியும் சார்" என்றான்.

அந்த பாயைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புகளுக்கு வயரிங் செய்கிறார். கேபிளுக்கெல்லாம் கப்பலில் கட்டுவது போல எண் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். கப்பலில் உப்புக் காற்றைத் தாங்குகிற அடையாளம் தோல் ஷாப்பில் தாங்குமா என்பதுதான் என் கேள்வி. ஷாப்பின் பெயர் வேண்டாம் என்றார் முதலாளி, பாயும் தன் பெயர் வேண்டாம் என்றார். அப்படியே ஆகட்டும்.

பேனலைப் பார்த்து பாய் சிரித்தார். "இது நான் போட்டது இல்லிங்க தம்பி. பழைய பேனல். இனிமேதான் மாத்தணும். இது எப்படிச் செத்துச்சுன்னு முதல்ல பாருங்க, அப்புறம் நம்மளுதைப் பாக்கலாம்."

வெளிமாநிலங்களிலிருந்து தோல் அழுகாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்புத் தடவி அனுப்புகிறார்கள். இங்கே வந்ததும் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்து எடுப்பது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தோல் ஊறிய முதல் தண்ணீர் அதற்குச் சமமாக நிற்கும், பல சமயம் தாண்டிப் போகும். ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு கடல் படகின் வயரிங்கைப் பற்றிப் பேசுவதில் விசித்திரம் ஒன்றுமில்லை.

உப்பு காய்ந்திருக்கும்போது சாது. கத்திரி வெயிலில், காற்று வறண்டிருக்கும்போது, பேனல்மேல் படிந்த உப்புத் தூசி வெறும் தூசிதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே இரவெல்லாம் அந்த ஈரம்தான். சித்திரையில் ஒன்றும் செய்யாத தூசி அப்போது ஒவ்வொரு டெர்மினலுக்கும் நடுவே உப்புத் தண்ணீராகிவிடுகிறது. மழை பிடித்தவுடன் காரணமில்லாமல் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழுகிறது என்று வயர்மேன்கள் புலம்புவதன் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். அந்த நேரத்தில் எந்த ஃபீடர் எந்த மோட்டாருக்கு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டில், ஈரத்தில், மெயின் உயிரோடு இருக்கையில்.

காகிதத்தையும் மார்க்கரையும் முதலில் கொன்றது உப்பல்ல, வெயில் என்கிறார் பாய். தகரக் கூரைக்குக் கீழே கோடையில் பேனல் கதவைத் தொட முடியாது. செலோடேப்பின் பசை உருகி வழிகிறது, அந்தப் பசையில் உப்பு ஒட்டுகிறது, மழைக்காலத்தில் அந்த உப்பு தண்ணீரை இழுத்துக் காகிதத்துக்குக் கொடுக்கிறது.

கிடங்கைத் தாண்டினால் சுண்ணாம்பு யார்டு. இங்கே மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் தோல் கிடக்கிறது. pH 12க்கு மேல். கேபிள் ட்ரேயில் முன்பு யாரோ கட்டிய அலுமினியப் பட்டைகளைப் பாய் காட்டினார். எண்களை அழகாக ஓங்கி அடித்திருக்கிறார்கள். ஆனால் பட்டையே அரித்து ஓரம் மெலிந்து, 3-ஆ 8-ஆ என்று சொல்ல முடியாத நிலை. அலுமினியம் காரத்தில் கரையும் உலோகம். கடலோரத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும் அதே பட்டை சுண்ணாம்புத் தெறிப்பில் நிற்பதில்லை.

அடுத்த ஷெட்டில் சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் உப்பு போடுகிறார்கள். அங்கே அம்மோனியா எழும். பித்தளைக்கு அது ஆகாது. வளைத்த இடத்திலும் எழுத்து அடித்த இடத்திலும் உலோகத்துக்குள் இறுக்கம் இருக்கும். அம்மோனியா பட்டால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். "கப்பல்ல பழைய ஆளுங்க பித்தளைத் தகடுதான் கேப்பாங்க. இங்க கட்டினா எழுத்து மேலேயே வெடிக்குது" என்றார். அதற்கும் அடுத்து பிக்கில்: உப்பும் சல்ஃப்யூரிக் அமிலமும். pH 3 அளவுக்கு இறங்கிவிடும். பட்டையைக் கட்டும் நைலான் டை அமிலத்தில் நொறுங்கும். வெளியே வெயிலில் கட்டிய வெள்ளை டையும் அப்படித்தான். கறுப்பு டைக்கு ஆயுள் கொஞ்சம் கூடுதல்.

"கப்பல்ல ஒரே எதிரி, உப்பு. இங்க நாலு எட்டு வெச்சா எதிரி மாறுது."

என் கேள்விக்கான பதில் அங்கேயே பாதி கிடைத்துவிட்டது. கடைக்காரர்கள் 'எல்லா இடத்துக்கும் ஒரே லேபிள்' என்று விற்கிறார்கள். தோல் ஷாப்பில் அப்படி ஒன்று கிடையாது.

கப்பலிலிருந்து அப்படியே கொண்டுவந்து இங்கும் வேலை செய்வது எது என்று கேட்டேன். இரண்டைக் காட்டினார்.

முதலாவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை. அதிலும் 304 வேண்டாம், 316 தான். 316இல் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கலந்திருப்பதால் உப்பு அதில் சீக்கிரம் குழி போடாது. 304இல் இரண்டு மழைக்காலத்திலேயே துருப்புள்ளி தெரிய ஆரம்பித்துவிடும் என்கிறார். எழுத்து மையால் இல்லை, அடித்த எழுத்து. மை போனால் எல்லாம் போச்சு. அடித்த எழுத்து சேறு பிடித்தாலும் விரலால் தடவிப் படிக்கலாம். பட்டையைக் கட்டுவதும் அதே 316 ஸ்டீல் டைதான். நல்ல பட்டையை நைலானில் கட்டி, நைலான் அறுந்து, பட்டைகள் ட்ரேயில் குவியலாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாராம். எண் எல்லாம் அருமையாகத் தெரிந்தது, எந்தக் கேபிளுடையது என்பதுதான் தெரியவில்லை.

இரண்டாவது, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். ஸ்லீவிலேயே எண்ணை அச்சடித்து, வயரில் நுழைத்து, சூடு காட்டினால் தோல் போலப் பிடித்துக்கொள்ளும். மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள், பேனலுக்குள், வெயில் படாத இடமெல்லாம் இதுதான். ஒரு நிபந்தனை உண்டு: வயர் முனையில் லக் அடிப்பதற்கு முன்பே நுழைத்துவிட வேண்டும். அவசரத்தில் லக் அடித்துவிட்டு, பிறகு பிளவுள்ள ஃபெரூலை மேலே அமுக்கிவிடுகிறார்கள். மோட்டார் அதிர அதிர அது கழன்று பெட்டியின் அடியில் கிடக்கும். பையன்கள் லைட்டரால் சுருக்குவதும் பாய்க்குப் பிடிப்பதில்லை. புகைக்கரி எழுத்தை மூடிவிடும், ஒரு பக்கம் கருகும். ஹீட் கன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அச்சடிக்கும் ரிப்பனிலும் மெழுகு ரிப்பன், ரெசின் ரிப்பன் என்று வகை உண்டு. மெழுகு ரிப்பன் விலை குறைவு, ஃபினிஷிங் பக்கம் தின்னர் பட்ட துணியால் ஒரு துடைப்பில் போய்விடும்.

டெர்மினல் பெட்டி ஒன்றைக் கரண்ட் அணைத்துத் திறந்து காட்டினார். செம்புக் கம்பி கறுத்திருந்தது, எரிந்தது போல. எரியவில்லை. சல்ஃபைட் கலந்த தண்ணீர் அமிலத்தோடு சேருமிடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு வரும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். செம்பில் பட்டால் கறுப்பு சல்ஃபைட் படலம் பிடிக்கும், கான்டாக்டரின் வெள்ளி முனையிலும் அப்படியே. படகுகளில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போடும் வழக்கம் உண்டு; சாதாச் செம்பில் உப்புத் தண்ணீர் இழைகளின் இடுக்கு வழியே உறைக்குள் ஏறி நெடுந்தூரம் கறுக்க வைத்துவிடும் என்பதற்காக. அந்தப் பூச்சு முதன்முதலில் வந்தது கடலுக்காக அல்ல. ரப்பர் உறை போட்ட காலத்தில், ரப்பரிலிருந்த கந்தகம் செம்பைத் தின்னாமலிருக்கப் பூசினார்கள். கந்தகத்துக்கென்று வந்த மருந்து, கடலுக்குப் போய், மறுபடி கந்தகம் நாறும் தோல் ஷாப்புக்கே பொருந்துகிறது. இங்கே யாரும் அதை வாங்குவதில்லை. விலை. பாயும் கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்துக் கன்ட்ரோல் வயருக்கு மட்டும்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்.

கறுத்த கம்பிக்கும் அடையாளத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கறுத்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக லக் அடிப்பார்கள். வெட்டும்போது ஸ்லீவும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அதனால் பாய் முனையில் ஒன்று, கேபிள் நுழையும் கிளாண்டை ஒட்டி உட்பக்கம் ஒன்று என இரண்டு போடுகிறார். முனை போனாலும் இரண்டாவது நிற்கும். அமெரிக்காவின் படகு, யாட் மன்றம் வயரிங்குக்கென்று வகுத்த தரத்தில் சின்ன விவரம் ஒன்று உண்டு: வயரை டேப்பால் அடையாளம் செய்வதானால் டேப் குறைந்தது 3/16 அங்குல அகலம் இருக்க வேண்டும், இரண்டு முழுச் சுற்றாவது சுற்ற வேண்டும், ஒவ்வொரு முனையருகிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு அற்பமான விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார்களே என்று தோன்றலாம். ஒரு சுற்று சுற்றிய டேப் எத்தனை நாள் நிற்கும் என்று பார்த்தவர்கள் எழுதியது அது.

டிரம் ஷெட்டுக்கு வந்தோம். ஆள் உயரத்தைத் தாண்டிய மர உருளைகள் வரிசையாகச் சுழல்கின்றன, உள்ளே தோலும் குரோமும். ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்துத் தூணில் ஐசொலேட்டர், மேலே கையகல மஞ்சள் தகட்டில் கறுப்பில் எண் மட்டும். வேலை செய்கிறவர்களில் தமிழ் படிக்காதவர்கள் உண்டு, உருது மட்டும் படிப்பவர்கள் உண்டு, வடக்கேயிருந்து வந்தவர்கள் உண்டு. 7 எல்லோருக்கும் 7.

டிரம்முக்குள் ஆள் இறங்குவது உண்டு, சிக்கிய தோலை இழுக்க, உள் ஆணிகளைப் பார்க்க. அந்நேரம் தப்பான ஸ்விட்சை அணைத்துவிட்டு 'அணைச்சாச்சு' என்று குரல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கேபிளில் எண் கட்டுவது மேற்பார்வைக்கு வருகிறவர்களைத் திருப்திப்படுத்தும் அலங்காரம் என்று நினைக்கும் முதலாளிகள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இங்கேதான் பாய் எனக்கு எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். அழியாத அடையாளம் ஆபத்தானது என்றார்.

"போன வேலைல, வேற ஷாப்பு, ஸ்டீல் பட்டைல 'டிரம் 7'ன்னே அடிச்சுக் கட்டினாங்க. ஒரு நாள் ராத்திரி 9 மோட்டார் கேபிள் போச்சு. அவசரத்துக்கு 7 கேபிளை இழுத்து 9க்குக் கொடுத்துட்டாங்க. ஸ்டீல் டையை வெட்டக் கட்டர் வேணும், ராத்திரில கட்டரைத் தேடுறது யாரு? பட்டை அப்படியே இருக்குது. பளபளன்னு 'டிரம் 7'. பொய்."

காகித லேபிளாவது அழிந்துபோகும்; பார்க்கிறவன் சந்தேகப்பட்டு டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். ஸ்டீலில் அடித்த பொய்யை எவனும் சந்தேகப்படமாட்டான். இத்தனை ஷெட் நடந்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். எழுத்து நிற்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், அது உண்மையாக நிற்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

பாயின் வழி எளிது. பட்டையில் எது எங்கே போகிறது என்று எழுதுவதே இல்லை. வெறும் எண்: 23. அந்த 23 அந்தக் கேபிளுக்குப் பிறந்ததிலிருந்து சாகும்வரை. இரண்டு முனையிலும், சுவரைத் துளைக்கும் இடத்தின் இரு பக்கத்திலும். 23 எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை கோர், எந்த நாளில் போட்டது என்பது நோட்டில். கேபிளை 9க்கு மாற்றினால் பட்டையைத் தொட வேண்டாம், நோட்டில் ஒரு வரி அடித்து இன்னொரு வரி எழுதினால் போதும். பேனல் முகப்பில் மட்டும் பெயர் உண்டு, அதுவும் அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் செருகி எடுக்கிற அட்டையில். மாறக்கூடியதை மாற்றக்கூடிய இடத்தில் வை, மாறாததை ஸ்டீலில் அடி. கப்பல்களிலும் கேபிளுக்கு எண், விவரத்துக்குப் பட்டியல் என்றுதான் வைப்பார்கள் என்றார்.

நோட்டைக் கேட்டேன். கோடு போட்ட நீள நோட்டு, பிளாஸ்டிக் உறையில், ஆபீஸ் அலமாரியில் இருந்தது. பேனலுக்குள் வைத்தால் உப்புக்காற்றில் காகிதம் சவ்வாகிவிடுமாம். ஒவ்வொரு மாதமும் முதலாளி மகன் போனில் படம் எடுத்துக்கொள்கிறார். நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய. அடித்தலே இல்லாத நோட்டாக இருந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு ஷாப்பில் இவ்வளவு கேபிள் எப்படிச் சேர்ந்தது? ஆவாரம்பட்டை போட்டு மண் தொட்டியில் பதனிட்ட காலத்தில் கரண்ட் என்பது விளக்குக்கு. குரோம் வந்தபின் டிரம் வந்தது, டிரம்முக்கு மோட்டார் வந்தது. பிறகு பாலாறு கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு தோல் ஷாப்புகளில் பம்ப், புளோயர், அஜிட்டேட்டர், மீட்டர் என்று வரிசை கட்டி வந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் சேர்ந்தன. அவரவர் கான்ட்ராக்டர் வந்து அவரவர் கேபிளைப் பழைய ட்ரேயின் மேலேயே போட்டுவிட்டுப் போனார். தேவையான தீர்ப்பு அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ட்ரேயில் எது யாருடையது என்பது மட்டும் அன்றிலிருந்து குழப்பம்.

ஃபினிஷிங் பகுதியை வேகமாகக் கடந்தோம். அங்கே உப்பு இல்லை, ஸ்ப்ரேயும் தின்னரும்தான். ரெசின் அச்சு போதும்.

கடைசியாகக் கழிவுநீர்த் தொட்டி. மூடிய கிணறு, மேலே இரும்பு மூடி, ஓரத்தில் எக்ஸாஸ்ட் விசிறியும் காற்று ஊதும் புளோயரும். இந்தப் பகுதியில் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கி விஷவாயுவில் மாண்டவர்களைப் பற்றிய செய்தி புதிதல்ல. ஹைட்ரஜன் சல்ஃபைட் அளவு கூடினால் முதலில் மூக்கின் மோப்பத்தையே அடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் ஏறுவதில்லை. ஆளே இறங்கக் கூடாது என்பதுதான் சரி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவிலேயே இத்தகைய தொட்டிகளுக்கான எச்சரிக்கைகளை எழுதி வைத்தது. உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றும் 36அ பிரிவு சொன்னது.

இங்கே விசிறியின் கேபிளுக்குப் பாய் தனி மரியாதை கொடுத்திருக்கிறார். எண் 1. ட்ரே முழுக்கச் சில அடிக்கொரு பட்டை. பேனலில் அதன் பிரேக்கருக்குச் சிவப்புச் சட்டம், 'ஆளிருக்கும்போது அணைக்காதே' என்று தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும். மற்ற இடங்களில் தப்பான கேபிளை உயிரோடு விடுவது ஆபத்து, இங்கே தப்பான கேபிளை அணைப்பது ஆபத்து. மழைக்கால இரவில் எர்த் லீக்கேஜ் தேடும்போது வயர்மேன் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான் அல்லவா? அந்தத் தட்டலில் இது சேரக் கூடாது.

பட்டையைத் தடவிப் பார்த்தேன். கறுத்த பிசுக்கு கையில் ஒட்டியது, 1 விரலுக்குத் தட்டுப்பட்டது.

ஷாப் முழுவதையும் ஒரே மூச்சில் செய்ய எந்த முதலாளியும் பணம் எடுக்கமாட்டார், அது தெரிந்த விஷயம். ஐப்பசி மழைக்கு முன் ஒன்றிரண்டாவது செய்வதானால் வரிசை இது: முதலில் கழிவுநீர்த் தொட்டியின் விசிறியும் புளோயரும், அடுத்து டிரம் ஐசொலேட்டர்கள், அதற்கடுத்து கிடங்குப் பேனல். 316 பட்டை கிடைக்காவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் துண்டில் சூட்டுக் கம்பியால் எண்ணை எரித்து எழுதுங்கள். எழுத்து பள்ளமாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. நோட்டை இன்றே ஆரம்பியுங்கள், அதற்கு நாற்பது ரூபாய்தான் ஆகும். எந்த எண்ணைப் பார்த்தாலும், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், கை வைக்குமுன் டெஸ்டரை வைத்துப் பாருங்கள்.